வாயுவுக்குக் காவல் வேண்டும், கல்லுக்கு வேண்டாம்

அனல்மின் நிலையங்களும் சிமெண்ட் ஆலைகளும் இரும்பு ஆலைகளும் வெளியிடும் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்துக்கு அடியில் செலுத்திவிடலாம் என்ற பேச்சு இந்தியாவில் வலுத்துவருகிறது. நிதி ஆயோக் 2022 நவம்பரிலேயே இதற்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஆதரிப்போர் எத்தனை கோடி டன் செலுத்தலாம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். எதிர்ப்போர் டன்னுக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறார்கள். இரண்டும் நியாயம்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று போதிய அளவு கேட்கப்படுவதில்லை. உள்ளே போன வாயு அங்கே என்னவாகிறது? வாயுவாகவே காலம் தள்ளுகிறதா, தண்ணீரில் கரைகிறதா, கல்லாகிவிடுகிறதா? எந்தப் பாறைக்குள் செலுத்துகிறோம் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. அதை எத்தனை தலைமுறைக்குக் காவல் காக்க வேண்டும், காவலுக்கு யார் பொறுப்பு, செலவு யார் தலையில் விழும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் முடிவாகும். கல்லாக மாறியதை அளந்து காட்ட முடிகிற சேமிப்பையும், வாயு அங்கேயே கிடக்கும் என்ற நம்பிக்கையில் செய்யும் சேமிப்பையும் நம் சட்டம் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இன்று உலகில் நிலத்துக்கடியில் செலுத்தப்படும் கரியமில வாயுவில் பெரும்பகுதி படிவுப் பாறைகளுக்குள்தான் போகிறது. நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயல் இதற்கு முன்னோடி. எரிவாயுவோடு கலந்து வரும் கரியமில வாயுவைப் பிரித்து, வட கடலின் தரைக்குக் கீழே 800 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் உட்சிரா மணற்பாறைக்குள் 1996 முதல் செலுத்திவருகிறார்கள். பல ஆண்டுகள் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன் அளவில் நடந்தது. 1991ல் நார்வே அரசு போட்ட கார்பன் வரிதான் அந்த வயலை நடத்தும் நிறுவனத்தை இந்த வழிக்குக் கொண்டுவந்தது. வெறும் நல்லெண்ணத்தை நம்பியிருந்தால் அந்தக் குழாய் கடலுக்குள் இறங்கியிருக்காது. அவ்வளவு ஆழத்தில் அழுத்தம் மிகுதி என்பதால் வாயு ஏறக்குறைய திரவம்போல அடர்ந்துவிடுகிறது. அப்படியும் சுற்றியிருக்கும் உப்புநீரைவிட அது லேசு. ஆகவே மேலே ஏறவே பார்க்கும். மேலே மூடியாக அமைந்த களிப்பாறைதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. மணற்பாறையில் பெரும்பங்கு குவார்ட்ஸ். கரியமில வாயுவுக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. வாயுவில் ஒரு பகுதி மெல்ல மெல்ல நீரில் கரையும். கல்லாக வேண்டுமானால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

ஸ்லைப்னர் இதுவரை குறையின்றி நடந்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லா இடத்துக்கும் அந்த அமைப்பு வாய்க்காது. அல்ஜீரியாவின் இன் சலாவில் 2004ல் தொடங்கி சுமார் 38 லட்சம் டன் வாயுவைச் செலுத்தினார்கள். மேலே பாலைவனத் தரை மில்லிமீட்டர் கணக்கில் உயர்வதைச் செயற்கைக்கோள்கள் காட்டின. மூடிப்பாறை தாங்குமா என்ற கவலை எழுந்து 2011ல் செலுத்துவதை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டெக்கேட்டர் என்ற ஊரில், கண்காணிப்புக்காகப் போட்ட கிணற்றின் எஃகுக் குழாயே அரித்துப்போய், அனுமதிக்கப்படாத பாறை அடுக்குக்குள் வாயு புகுந்தது 2024ல் வெளியே தெரியவந்தது. குடிநீருக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் அந்த அரிப்புக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் நம் கவனத்துக்குரியது. கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம். மணற்பாறையில் அந்த அமிலத்தை முறிக்கப் போதிய சரக்கு கிடையாது. அது அமிலமாகவே தங்கி, கிணற்றின் எஃகையும் சிமெண்ட் பூச்சையும் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் சட்டங்கள் நீண்ட காவலைக் கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு சேமிப்பிடத்தை மூடிய பிறகு பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் கழித்தே அதன் பொறுப்பு நிறுவனத்திடமிருந்து அரசுக்குக் கைமாறலாம். அமெரிக்க விதியில் வழக்கமான காவல் காலம் 50 ஆண்டுகள். ஐம்பது ஆண்டுகளில் ஒரு நிறுவனம் எத்தனை முறை கைமாறும், எத்தனை முறை திவாலாகும் என்பது நம் ஊரில் மூடிக் கிடக்கும் சுரங்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறைக்குள் கதை வேறு. சோடா என்பதே கரியமில வாயு கரைந்த தண்ணீர்தான்; நாக்கைச் சுரீரென்று கடிக்கும் அந்தப் புளிப்பு கார்பானிக் அமிலத்தினுடையது. அந்தப் புளித்த நீர் பசால்ட்டின் நுண்துளைகளுக்குள் நுழைந்ததும் பாறையிலுள்ள கனிமங்களைக் கரைக்கத் தொடங்குகிறது. ஆலிவின், பைராக்சீன், பிளஜியோகிளேஸ் ஆகியவற்றோடு, படிகமாகும் முன்பே உறைந்துவிட்ட எரிமலைக் கண்ணாடியும் அதில் உண்டு. பசால்ட்டின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள்தான். அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் கனிமத்துக்குள் போக, கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் தண்ணீருக்குள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் அமிலம் கொஞ்சம் செலவாகிறது. தண்ணீரின் புளிப்பு முறிந்து காரத்தன்மை கூடக்கூட, கரைந்திருந்த கார்பன் கார்பனேட்டாக மாறி, வெளியே வந்த உலோகங்களோடு கைகோத்துப் படிகிறது. கால்சியத்தோடு சேர்ந்தால் கால்சைட், மக்னீசியத்தோடு மாக்னசைட், இரும்போடு சிடரைட். இதில் நிதானமான படி பாறை கரைவதுதான்; மொத்த வேகத்தையும் அதுவே நிர்ணயிக்கிறது. கண்ணாடியும் ஆலிவினும் விரைவாகக் கரையும், குவார்ட்ஸ் அசையாது. மழைநீரும் பாறையும் சேர்ந்து மேற்பரப்பில் யுகம் யுகமாகச் செய்துவரும் வேலையும் இதுவே. பூமியின் நெடுங்காலத் தட்பவெப்பம் கட்டுக்குள் இருப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

மேற்பரப்பில் யுகங்கள் எடுக்கும் வேலை ஆழத்தில் எவ்வளவு காலத்தில் முடியும்? இதை ஏட்டுக் கணக்காக விடாமல் செய்து பார்த்தது ஐஸ்லாந்து. ரெய்க்யவிக் நகருக்குக் கிழக்கே ஹெட்லிஸ்ஹெய்தி புவிவெப்ப மின்நிலையத்தை ஒட்டி, கார்ப்ஃபிக்ஸ் என்ற திட்டத்தின் கீழ் 2012 ஜனவரி முதல் மார்ச் வரை 175 டன் தூய கரியமில வாயுவையும், அதே ஆண்டுக் கோடையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த 73 டன் வாயுவையும் செலுத்தினார்கள். கிணற்றுக்குள் இறங்கும் தண்ணீரில் வாயுவை நுண்குமிழிகளாக விட்டு, பாறையைத் தொடும் முன்பே முழுக்கக் கரைத்துவிட்டார்கள். வாயு கரைந்த தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிடக் கனம். மேலே ஏறாமல் கீழே இறங்கும். மூடிப்பாறை வேண்டும் என்ற கட்டாயம் இங்கேயே போய்விடுகிறது. 400 முதல் 800 மீட்டர் வரையிலான ஆழத்தில் இருக்கும் பசால்ட்டுக்குள் அது போனது. உள்ளே போனது கல்லானதா, வேறெங்காவது நழுவிவிட்டதா என்று பிரித்தறிய ஒரு நல்ல உபாயம் செய்திருந்தார்கள். கரியமில வாயுவோடு கதிரியக்கக் கார்பன் 14ஐ அடையாளமாகச் சேர்த்தார்கள். கூடவே, எந்தப் பாறையோடும் வினைபுரியாத சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு போன்ற வாயுக்களையும் சேர்த்தார்கள். சற்றுத் தள்ளியிருந்த கண்காணிப்புக் கிணற்றுக்கு வினைபுரியாத வாயு வந்து சேர்ந்தது. அதோடு கூடவே புறப்பட்ட கார்பன் 14 வரவில்லை. வழியிலேயே பாறையில் தங்கிவிட்டது. போதாக்குறைக்கு, வாயுவைச் செலுத்தத் தொடங்கி ஒன்றரை ஆண்டு போல ஆனபோது அந்தக் கிணற்றின் சப்மெர்சிபிள் மோட்டார் நின்றுபோனது. மேலே தூக்கிப் பார்த்தால் மோட்டாரிலும் குழாயிலும் பச்சை நிறக் கால்சைட் அப்பிக்கிடந்தது. சுரண்டி எடுத்து ஆராய்ந்தபோது, அது தாங்கள் செலுத்திய அதே கார்பன்தான் என்று தெரிந்தது. செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் கனிமமாகிவிட்டது என்ற முடிவு 2016ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது.

ஒரே ஒரு இடத்தின் அதிர்ஷ்டம் என்று இதை ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வாலுலா என்ற இடத்தில் 2013ல் 977 டன் வாயுவைத் தண்ணீரில் கரைக்காமல் அப்படியே கொலம்பியா ஆற்றுப் படுகைப் பசால்ட்டுக்குள் செலுத்தினார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் துளைத்து எடுத்த பாறைத் துண்டுகளின் துளைகளில், அதற்குமுன் அங்கே இல்லாத ஆங்கரைட் என்ற கார்பனேட் மணிகள் உருண்டு கிடந்தன. பின்னர் வந்த கணிப்பு, ஏறக்குறைய 60 சதவீதம் கல்லாகியிருக்கும் என்றது. நீரில் கரைத்துச் செலுத்தினால் இன்னும் வேகம், கரைக்காவிட்டாலும் மணற்பாறையைவிடப் பல மடங்கு வேகம் என்பதை இந்த இரண்டு சோதனைகளும் சேர்ந்து சொல்கின்றன.

இயற்கை இதைச் செய்து வைத்திருக்கும் இடம் ஒன்று நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்தை ஒட்டிய வெள்ளைக்கல் சுரங்கங்களில் வெட்டிய முகப்பைப் பார்த்தால், கரும்பச்சைப் பாறையின் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நரம்புகள் ஓடுவது தெரியும். கரும்பாறை, ஆலிவின் மிகுந்த டியூனைட். வெள்ளை நரம்பு, மாக்னசைட். ஆலிவினிலிருந்த மக்னீசியத்தைக் கரியமில வாயு கலந்த நீர் கரைத்தெடுத்து, விரிசல்களில் கார்பனேட்டாக இட்டு நிரப்பியதன் விளைவு அது. ஐஸ்லாந்தில் பணம் கொட்டிச் செய்த வேதியியல் இங்கே சும்மா நடந்து முடிந்திருக்கிறது. அந்தக் கல்லை நாம் வெட்டியெடுத்துச் சூளையில் சுட்டு, உலைச் செங்கல்லுக்கான மக்னீசியாவாக்குகிறோம். சுடும்போது அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல் கரியமில வாயுவாகவே வெளியே போய்விடுகிறது. கல்லான கார்பன் தானாக வெளியேறாது என்பதற்கும், சூளை வைத்தால்தான் பிரியும் என்பதற்கும் சேலமே சாட்சி.

இனி மறுப்புகளுக்கு வருவோம். இவற்றில் வலுவானது தண்ணீர். ஐஸ்லாந்து முறையில் ஒரு டன் வாயுவைக் கரைக்கச் சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும். 1,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஆண்டுக்கு ஏறக்குறைய 60 லட்சம் டன் கரியமில வாயுவை விடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு 15 கோடி கன மீட்டர் தண்ணீர் தேவை. நம் கணக்கில் 5 டி.எம்.சி.க்கும் மேல். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி. ஒரே ஒரு மின்நிலையத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்குச் சமாதானம் சொல்ல வழி இல்லாமல் இல்லை. ஹெட்லிஸ்ஹெய்தியில் இன்று பயன்படுவது எப்படியும் நிலத்துக்குள் திருப்பி விட்டாக வேண்டிய புவிவெப்பக் கழிவுநீர். ஆழத்திலிருக்கும் அதே நீரை மேலே எடுத்து, வாயுவைக் கரைத்து, திரும்ப உள்ளே விடலாம். கடல்நீரைக் கொண்டும் ஐஸ்லாந்தில் சோதனை நடந்திருக்கிறது. என்றாலும் மகாராஷ்டிரத்தின் வறண்ட விதர்பாவிலோ மராத்வாடாவிலோ நிலக்கரி மின்நிலையங்களின் புகையை இப்படிக் கரைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை நம்ப வேண்டியதில்லை. தண்ணீர்க் கணக்கே இந்த முறையின் எல்லையை வரைந்துவிடுகிறது. கடலோரத்தில், அளவான உமிழ்வுக்குத்தான் இது பொருந்தும்.

பாறையின் துளைகள் அடைத்துக்கொள்ளாதா என்பது அடுத்த கேள்வி. கிணற்றை ஒட்டிய பகுதியில் நீர் புளிப்பாகவே இருப்பதால் அங்கே பாறை கரையத்தான் செய்யும். படிவது புளிப்பு முறிந்த பிறகு, தள்ளிப் போய்த்தான். ஹெட்லிஸ்ஹெய்தியில் 2014 முதல் தொடர்ந்து செலுத்தியும் கிணறுகள் அடைத்து நின்றுவிடவில்லை.

இந்தியாவின் தக்காணப் பசால்ட் குறித்த ஐயம் இதைவிடக் கனமானது. சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் 2 கிலோமீட்டர் கனம் வரை, ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த குழம்பு அது. ஐஸ்லாந்தின் பாறை அதற்குப் பேரப்பிள்ளைகூட இல்லை, அவ்வளவு இளசு. இளம் பாறையில் கண்ணாடி நிறைய இருக்கும், துளைகள் காலியாக இருக்கும். தக்காணத்திலோ பழைய வாயுக்குமிழித் துளைகள் பலவற்றை ஜியோலைட்டும் கால்சைட்டும் ஏற்கெனவே நிரப்பிவிட்டன. புனே, நாசிக் பக்கத்துக் குவாரிகளிலிருந்து உலகெங்கும் படிகச் சேகரிப்பாளர்களிடம் போகும் அழகிய ஜியோலைட்டுகள் எல்லாம் அப்படி வந்தவைதான். கனிமம் படியும் வேதியியல் இங்கே நடக்கும் என்பதற்கு அவை சான்று, இடம் கொஞ்சம் குறைந்துவிட்டது என்பதற்கும் அவையே சான்று. எவ்வளவு இடம் மிச்சம், எந்த அடுக்கில் நீர் ஓடும், எந்த அடுக்கு இறுகிவிட்டது என்பதைத் துளையிட்டுத்தான் அறிய முடியும். ஹைதராபாதின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் 2000களிலேயே இந்தப் பாறைகளைச் சேமிப்புக்காக ஆராயத் தொடங்கியது. அப்படியிருக்க, கோடிக்கணக்கான டன் கொள்ளளவு பற்றிய மதிப்பீடுகள் தாளில் பெருகிய அளவுக்குக் களச் சோதனை பெருகவில்லை.

நிலநடுக்கம் பற்றிய அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 180 பேர் இறந்தார்கள். நீர்த்தேக்கத்தின் தூண்டுதலே காரணம் என்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. அதுவும் தக்காணப் பசால்ட்தான். ஐஸ்லாந்திலும் 2011 அக்டோபரில், ஹெட்லிஸ்ஹெய்தியின் கழிவுநீரை ஹுஸ்முலி என்ற பகுதியில் உள்ளே விட்டபோது 4 ரிக்டர் அளவை ஒட்டிய அதிர்வுகளை அக்கம்பக்கத்து மக்கள் உணர்ந்தார்கள். வாயு அல்ல, உள்ளே தள்ளிய தண்ணீரின் அளவும் அழுத்தமும்தான் அதற்குக் காரணம். ஆகவே கொய்னா, அதை ஒட்டிய வார்ணா அணைப் பக்கம் போகவே கூடாது. மற்ற இடங்களிலும் உள்ளே விடும் அளவுக்கு வெளியே எடுத்து அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும்; அதிர்வுமானிகளைத் திட்டத்துக்கு முன்பே பதித்து, அந்த மண்ணின் இயல்பான நடுக்கத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். விவசாயக் கிணறுகளுக்கும் இதே நியாயம்தான். புளித்த நீர் கால்சியத்தோடு நிற்காது, வேறு உலோகங்களையும் இழுத்து வரும். புளிப்பு முறிந்ததும் அவற்றில் பெரும்பகுதி படிவுகளோடு சேர்ந்து அடங்கிவிடும் என்றாலும், அடங்கியதா என்று அளந்து ஊராருக்குக் காட்ட வேண்டியது திட்டத்தை நடத்துபவரின் கடமை.

கடைசியாக, இதெல்லாம் நிலக்கரிக்கு ஆயுள் நீட்டும் தந்திரம் என்ற குற்றச்சாட்டு. இதில் உண்மை இருக்கிறது. கார்ப்ஃபிக்ஸ் பத்தாண்டுக்கு மேல் செலுத்தியதெல்லாம் சேர்ந்தும் லட்சம் டன் கணக்கில்தான். இந்தியாவின் ஓராண்டு உமிழ்வு 300 கோடி டன்னை ஒட்டியது. ஐஸ்லாந்திலேயே காற்றிலிருந்து வாயுவைப் பிடிக்க 2021ல் தொடங்கிய ஓர்கா ஆலை, ஆண்டுக்கு 4,000 டன் என்று சொன்ன அளவைக்கூட எட்டவில்லை. பாறை தன் வேலையைச் செய்துவிடுகிறது, பிடிக்கும் இயந்திரம்தான் திணறுகிறது. அதனால் நிலக்கரிக்கு மாற்றாகச் சூரிய ஒளியும் காற்றும் இருக்கும்போது அதன் புகைக்கு இந்த அரிய இடத்தைக் கொடுப்பதில் பொருளில்லை. சிமெண்ட் விஷயம் வேறு. எரிபொருளை மாற்றினாலும் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதே வாயு பிரிந்துவிடும். அந்தத் தொழிலின் உமிழ்வில் பாதிக்கு மேல் அப்படி வருவது. சௌராஷ்டிரத்தில் தக்காணப் பசால்ட்டும் கடலும் சிமெண்ட் ஆலைகளும் அருகருகே இருக்கின்றன. தேடத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

எனவே மத்திய அரசு பெரிய கொள்ளளவு எண்களை வெளியிடும் முன் ஒரு சிறிய கிணற்றைத் தோண்டட்டும். சில நூறு டன் போதும். ஐஸ்லாந்தில் செய்ததுபோல அடையாளக் கார்பனும், வினைபுரியாத துணை வாயுவும் சேர்த்துச் செலுத்தி, இரண்டு ஆண்டு கழித்துப் பாறையைத் துளைத்து எடுத்து, அளவீடுகள் அனைத்தையும் பொதுவில் வைக்கட்டும். அரசுப் பணத்தில் அரசு ஆய்வகமே இதைச் செய்ய வேண்டும். வாயுவைச் செலுத்தும் நிறுவனமே சான்றும் தரும் ஏற்பாடு வேண்டாம். சட்டம் எழுதும்போது, கல்லானது நிரூபிக்கப்பட்ட இடத்துக்குக் காவல் காலத்தைக் குறைக்கலாம். நிரூபிக்காத இடத்துக்கு 50 ஆண்டுக் காவலும், அதற்கான வைப்புத்தொகையை முன்கூட்டியே கட்டுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். எத்தனை டன் கல்லானது என்பதை அளந்து காட்டும்வரை, நிலத்துக்குள் தள்ளிய வாயுவைக் கழித்துவிட்டதாக எந்த நிறுவனமும் தன் கார்பன் கணக்கில் எழுதிக்கொள்ள அனுமதிக்கக் கூடாது.